இத்தாவில் வந்த கதை

"ராத்தா, வந்திட்டு" என்று ஜெஸீமா அறை வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

நான் பாயில் சுளகோடு உட்கார்ந்து அரிசியில் நெல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பாண் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். மாவுக்கும் ரொட்டிக்கும் தட்டுப்பாடான அந்த வருடம் எங்கள் ஊரில் ஒருவர் ஓடிவந்து 'வந்திட்டு' என்றால் சங்கக்கடைக்குப் பாண் வந்திருக்கிறது என்றுதான் பொருள். உம்மாவைக் கூப்பனோடு போகச் சொல்லு என்றேன். என் தங்கச்சி முக்காட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த பத்திரிகையை எடுத்து, அரிசி கிடந்த சுளகின் மேலேயே விரித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் நடுப்பக்கம். மேலே கொட்டை எழுத்தில் 'துறையடி'. அதன் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் 'கிண்ணியா உம்மு குல்சும்'.

அது நான்தான். எழுதியது நான், பெயர் என்னுடையது, ஊர் என்னுடையது. காகிதம் அரிசி மேட்டில் ஏறி இறங்கிக் கிடந்ததால் பெயர் கொஞ்சம் வளைந்து தெரிந்தது. ஒரு நெல் எழுத்தின் மேலேயே கிடந்தது. அதை எடுத்து மற்ற நெல்லோடு போட்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஜெஸீமாவுக்குத்தான் தாங்கவில்லை. என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். உலுக்கும்போதுதான் கையில் வெள்ளைச் சேலை பட்டது போலும், சட்டென்று கையை எடுத்துவிட்டாள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் வாய் பாதியில் நின்றது. பாவம், இருபது வயதுப் பிள்ளை, சந்தோஷப்பட ஒரு காரணம் கிடைத்தும் அதைக் குசினிக்குள் போய் ஒளித்துக்கொள்ள வேண்டியிருந்தது. போகும்போது பத்திரிகையை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

நான் அப்போது இத்தாவில் இருந்தேன். கணவர் மௌத்தானால் ஒரு பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல், அலங்காரம் இல்லாமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். இது மார்க்கம் சொன்னது. இதற்கு மேல் ஊர்ப் பெண்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்தவை ஒரு கூடை இருக்கும். அலுமாரிக் கண்ணாடிக்குத் துணி போட்டார்கள். றேடியோவை அறையிலிருந்து எடுத்துப் போனார்கள், அதில் ஆம்பிளைக் குரல் வருமாம். யன்னலில் திரை. நான் எதற்கும் ஏன் என்று கேட்கவில்லை. எழும்பு என்றால் எழும்பினேன், சாப்பிடு என்றால் சாப்பிட்டேன். அழச் சொன்னால் அதையும் செய்திருப்பேன், ஆனால் அது மட்டும் வரவில்லை. கல்லு மாதிரி இரிக்கா என்று குசினியில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றே பேசினார்கள். கேட்டது. கோபம்கூட வரவில்லை.

என் கணவர் அபூதாஹிர் திருகோணமலை டொக்யாட்டில் கிளாக்கர். ஒரு செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டுக்கு எழும்பப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையிலேயே சாய்ந்துவிட்டார். அஸருக்கு முன் மையித்தைக் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான். சொல்லப்போனால் இரண்டு வரிக்கு மேல் வராது.

எழுதுவது என்னிடம் எட்டாம் வகுப்பிலிருந்தே இருந்த பழக்கம். பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டில் வைத்த பிறகு அது கூடியது. கலியாணம் முடித்த புதிதில் அவரிடம் இதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. சொன்னபோது அவர், எங்கே காட்டுங்கள் பார்ப்போம் என்று படுத்திருந்தவர் எழும்பி உட்கார்ந்தார். கடைசி வரைக்கும் என்னை நீங்கள் என்றே கதைத்த மனிதர். நல்லாயிருக்கு என்று சும்மா சொல்லிவிட மாட்டார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார். நித்திரை வந்தால் நித்திரையாகிவிடுவார். அவர் நித்திரையான கதைகளை நான் கிழித்துவிடுவேன். நித்திரையாகாதவற்றை அவரே திருகோணமலை டவுனுக்குக் கொண்டுபோய் தபாலில் போடுவார். மூன்று கதை போனது. ஒன்றும் வரவில்லை. நான்காவது 'துறையடி'.

வந்தால் என்ன செய்வது என்று எங்களுக்குள் ஒரு திட்டம் இருந்தது. கொழும்பு மெயிலில் வரும் பத்திரிகைக் கட்டை ஸ்ரேசனிலேயே பிரிப்பார்கள். அவர் ஞாயிறு காலையில் டவுனுக்குப் போய் ஸ்ரேசனில் நிற்பார். வாங்கினாலும் பிரித்துப் பார்க்க மாட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து என் கையில் தருவார், நான் பிரிக்க வேண்டும், அவர் என் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் பிரித்ததும் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிக்கூடப் பார்த்திருக்கிறேன். வெட்கம் கெட்ட வேலைதான். மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் அவரும் போய் வெறுங்கையோடு வந்தார், நானும் அந்த முகத்தோடு வாசலில் நின்றேன். இப்போது பத்திரிகை மடியில் கிடக்கிறது, முகத்தைக் காணோம். துணியை எடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்திருந்தாலும் அது வந்திருக்காது.

கதையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அதனால்தான் வினை வந்தது. எங்கள் ஊருக்கும் திருகோணமலைக்கும் நடுவில் துறை. ஆள், பஸ், லொறி எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு துறையைக் கடக்கும் பெரிய தட்டைப் படகை நாங்கள் பாதை என்போம். அபூதாஹிர் தினமும் பாதையில் போய் பாதையில் வந்தவர். பாதை கரையை விட்டு நகர்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். அக்கரையில் முட்டியதும் கண்ணைத் திறப்பார். இதை வருடக்கணக்காகப் பார்த்த ஊர், மனிதர் ஓதிக்கொண்டு வருகிறார் என்று முடிவு செய்துவிட்டது. உண்மையில் அவருக்குத் தண்ணீர் என்றால் உயிர்ப்பயம். கிண்ணியாவில் பிறந்த ஆண்பிள்ளை அதை வெளியில் சொல்ல முடியுமா? என்னிடம் மட்டும் சொன்னார், அதுவும் கலியாணம் முடித்து மூன்றாம் வருடம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு எழுதினேன். கதையில் அவர் பெயர் இல்லை, ஒரு கிளாக்கர் என்று மட்டும் இருந்தது. அவர் வாசித்துவிட்டு, நான் சிரித்ததைவிடக் கூடச் சிரித்தார். மாற்றவா என்று கேட்டேன். ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது என்றார்.

மையித்தைக் கொண்டுவந்ததும் பாதையில்தான். வாசலில் இறக்கும்போது, இன்றைக்குத்தான் இவர் பயமில்லாமல் துறையைக் கடந்திருக்கிறார் என்று எனக்கொரு நினைப்பு வந்தது. அந்த நேரத்தில் நினைக்கக்கூடிய ஒன்றா அது? யாரிடமும் சொல்லவில்லை.

பத்திரிகையில் கதைக்கு ஒரு படமும் போட்டிருந்தார்கள். கொழும்பில் யாரோ வரைந்தது. பாதைக்குப் பதில் துடுப்பு வைத்த தோணி. அதில் முறுக்கு மீசையோடு, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு ஒரு பயில்வான் நின்றான். கதையை வாசிக்காமலே வரைந்திருப்பான் அந்த மனிதன்.

ஞாயிறு மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. துறையடித் தேத்தண்ணிக்கடையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். பாதி பேருக்குக் கதை பிடித்ததாம். மீதிப் பாதி, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தது சனிக்கிழமை எழுதியதாகத்தானே இருக்கும் என்று கணக்குப் போட்டது. அப்படியானால் இவள் இத்தாவில் இருந்துகொண்டே எழுதி, அதை யாரோ ஓர் ஆம்பிளையிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அடுத்த கேள்வி அதைவிடப் பெரியது. அறையை விட்டு வெளியில் வரக்கூடாத பெண்ணின் பெயர் கிண்ணியா, மூதூர், டவுன் என்று எல்லாத் தேத்தண்ணிக்கடையிலும் ஆம்பிளைகள் கையில் இருக்கிறதே, இது இத்தாவை முறித்ததாகுமா ஆகாதா? இதையெல்லாம் ஜெஸீமா வந்து வந்து சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாருடைய வீட்டுச் சண்டையோ போல இருந்தது.

திங்கட்கிழமை அஸர் தொழுகை முடிந்து என் கணவரின் காக்கா ஹிஸ்புல்லா வந்தார். அவரோடு பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் முஹம்மது தம்பி லெப்பை. பின்னால் மாமி. ஆண்கள் இருவரும் வெளி அறைக் கதிரைகளில் இருந்தார்கள். நடுவில் திரை. மாமி மட்டும் திரையை விலக்கிக்கொண்டு என் பக்கம் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தா. மகன் போன பிறகு மாமி என்னோடு பேசுவது குறைந்திருந்தது. யாரோடும்தான். கத்தம் ஓத வந்த பெண்கள், உங்கட மகன் பாதையில ஓதிக்கிட்டு வாற மனிசனல்லவா, சொர்க்கத்துக்குரிய ஆள் என்று சொல்லச் சொல்ல, வேறு யாருக்கோ சொல்லப்படுவதைப் போல நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பா.

ஹிஸ்புல்லா மச்சான் கெட்டவர் இல்லை. நெல் வியாபாரி, குரல் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தம்பியின் சந்தூக்கை மையவாடி வரைக்கும் தோளை மாற்றாமல் சுமந்தவர் அவர். அவர் திரைக்கு அப்பாலிருந்து என் உம்மாவைப் பார்த்துச் சொல்வது போல எனக்குச் சொன்னார். கதையை அவர் வாசிக்கவில்லை, வாசிக்கவும் மாட்டார். கேள்விப்பட்டது போதும். ஊர் தம்பியை ஒரு ஒலியைப் போல, இறைநேசரைப் போல வைத்திருந்தது, இப்போது துறையடியில் அவனைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால் அவர் ஒரு வழி பார்த்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் லெப்பை எழும்பி, அந்தக் கதையை எழுதியது அபூதாஹிரின் மனைவி இல்லை, யாரோ அந்தப் பிள்ளையின் பெயரைப் போட்டு எழுதிவிட்டார்கள் என்று சொல்லிவிடுவார். பத்திரிகைக்கும் அப்படியே எழுதிப் போடலாம். ஊர் வாய் மூடிவிடும். இத்தாவுக்கும் பழுதில்லை, மையித்துக்கும் பழுதில்லை.

"புள்ள ஒண்டும் செய்யத் தேவல்ல" என்றார். "சும்மா இருந்தாப் போதும்."

லெப்பை தொண்டையைச் செருமிக்கொண்டு, முறைக்கு ஒரு தரம் கேட்க வேண்டும் என்றார். அது உங்கட கதை இல்லை என்று பள்ளியில் சொல்லட்டுமா என்று திரைப் பக்கமாகக் கேட்டார்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், இதற்கு நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்று. நிக்காஹ் அன்றைக்கும் இப்படித்தான். திரைக்கு அப்பாலிருந்து சம்மதமா என்று கேட்பார்கள், பெண் பேசாமல் இருந்தால் சம்மதம். அன்றைக்கு நான் பேசாமல் இருந்ததில் எனக்கு அபூதாஹிர் கிடைத்தார். இன்றைக்குப் பேசாமல் இருந்தால் கதை போய்விடும். அது போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் இருந்தேன், எனக்குத்தான் அதில் ஒரு சந்தோஷமும் இல்லையே. ஆனால் பேரும் போய்விடும். யாரோ திருடிப் போட்ட பெயர் என்று பள்ளிவாசலில் சொன்ன பிறகு அதே பெயரில் இன்னொன்று எழுத முடியாது. அதோடு, மாற்றக்கூடாது என்று சொல்லி அவர் கையாலேயே தபாலில் போட்ட ஒன்று. அவர் போட்டதை இல்லை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

உம்மா குசினி வாசலில் நின்று, சும்மா இரு என்று எனக்குக் கண்ணைக் காட்டினா. லெப்பை கதிரையில் அசைந்தது கேட்டது. கேட்டாகிவிட்டது, பதில் வந்தாகிவிட்டது, எழும்பலாம் என்ற அசைவு.

"நான்தான் எழுதினன்" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நாற்பது நாளுக்கு மேல் அதை நான் சத்தமாகப் பாவிக்கவில்லை. உம்மா தலையில் கை வைத்துக்கொண்டா. அந்நிய ஆண் கேட்க இத்தாவில் பெண் பேசிவிட்டாள். பேசியாயிற்று, இனி மீதியை வைத்திருந்து என்ன என்று நினைத்தேன்.

"நோம்புக்கு முந்தி எழுதினது. அவர்தான் வாசிச்சவர். அவர்தான் டவுனுக்குக் கொண்டுபோய்ப் போட்டவர்."

ஹிஸ்புல்லா மச்சானின் குரல் ஏறியது. என் தம்பி தன்னைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதினதைத் தானே கொண்டுபோய்ப் போட்டானாமா என்று லெப்பையிடம் கேட்டார். லெப்பை, எதற்கும் அதை ஒரு தரம் முழுக்கக் கேட்டுவிட்டு முடிவு சொல்வது நல்லது என்றார். கேட்காமல் ஒன்றைப் பற்றி ஜும்ஆவில் சொல்வது சரியில்லை என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி உண்மையையும் சொன்னார். நேற்றுத் தேத்தண்ணிக்கடையில் பாதி கேட்கும்போதே மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள், எழும்பிப் போக வேண்டியதாயிற்று. பிறகு என்ன நடந்தது என்று தெரியவில்லை.

ஜெஸீமாவைக் கூப்பிட்டார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்கு என் பக்கமாக நின்று வாசித்தாள். முதல் இரண்டு பத்தி அவள் குரல் நடுங்கியது. பிறகு, பிள்ளைகளுக்குப் பாடம் வாசிப்பது போல நேராகிவிட்டது. கிளாக்கர் பாதையில் ஏறினார். லொறி ஓரமாகப் போய் நின்றார். பாதை நகர்ந்தது, கண்ணை மூடினார், உதடு அசைந்தது. சுற்றி நின்றவர்கள் தங்கள் பேச்சை மரியாதையாகக் குறைத்துக்கொண்டார்கள். அவரோ, 'மெதுவா ராசா, மெதுவா ராசா' என்று பாதையை மாட்டை அடக்குவது போல அடக்கிக்கொண்டிருந்தார்.

வெளியில் ஒரு இருமல் கேட்டது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு அந்த இடம் வந்தது. ஒரு பெண் காணாமல் போன தன் ஆட்டுக்காக துஆ கேட்கச் சொல்லி பாதையில் வைத்து அவர் காதடியில் கெஞ்சுகிறாள். கண்ணைத் திறக்க முடியாத மனிதர், 'கிடைக்கும், கிடைக்கும், முதல்ல கரைக்குப் போய்ச் சேருவம்' என்கிறார். அன்றைக்குப் பொழுதுபட ஆடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. மறுநாள் காலைப் பாதையில் அவரைச் சுற்றி ஐந்தாறு பேர், ஒருவர் கையில் கோழி. லெப்பையால் அதற்கு மேல் ஏலவில்லை. அவர் சிரித்தார். வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு சிரித்திருக்க வேண்டும், கதிரை கிறீச் கிறீச் என்று சத்தம் போட்டது.

சிரிக்க வேண்டிய இடத்தில்தான் சிரித்தார். முகம் தெரியாத ஒருவர், என் கணவரோ தங்கச்சியோ இல்லாத ஒருவர், நான் குசினி மேசையில் உட்கார்ந்து எழுதிய இடத்தில், நான் நினைத்த அதே சொல்லில் சிரித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை வேறு பெயர் சொல்லி மறைக்கப் போவதில்லை. நெஞ்சுக்குள் சூடாக ஏறி, காது வரைக்கும் வந்தது. வந்த வேகத்தில், அவரிடம் சொல்ல வேண்டுமே என்று தலை வாசல் பக்கம் திரும்பிவிட்டது. வாசலில் உம்மாதான் நின்றுகொண்டிருந்தா. வந்தது அப்படியே இறங்கிப் போனது.

மாமி இவ்வளவு நேரமும் அசையவில்லை. அப்போதுதான் கவனித்தேன், என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. ஜெஸீமாவுக்குக் கையைக் காட்டி நிற்கச் சொன்னா.

"கண்ண மூடிக்கிட்டா நிண்டான்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டா.

"ஓம் மாமி."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம்."

"கையால என்னத்தப் புடிப்பான்?"

லொறிக் கம்பியை என்றேன். லொறி இல்லாத நாளில் பாதையின் பக்கக் கம்பியை. வெளியில் ஹிஸ்புல்லா மச்சான் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"அவனுக்குச் சின்னதுலயே தண்ணிப் பயம்" என்றா மாமி. "மூதூருக்குத் தோணியில கூட்டிட்டுப் போனா, என்ட சீலைத் தலைப்பத்தான் புடிப்பான். ரெண்டு கையாலயும். இறக்கி விட்டாலும் விட மாட்டான்." கொஞ்சம் நிறுத்தி, "பெரியவன் ஆனாப் பொறகு போயிருக்கும் எண்டு நினைச்சன்" என்றா.

மாமி தன் சேலைத் தலைப்பை மடியில் இழுத்துப் போட்டு, அதைச் சுருட்டிச் சுருட்டி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தா. கண்ணை மூடிக்கொண்டா. ஜெஸீமா பத்திரிகையைப் பிடித்தபடி, என்ன செய்ய என்பது போல என்னைப் பார்த்தாள். வாசி என்று கையைக் காட்டினேன். விட்ட இடத்திலிருந்து அவள் தொடங்கினாள். கதையில் பாதை இன்னும் நடுத்துறையில்தான் இருந்தது.